ரோமில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஏழைகள் சமைத்த தெருக்களுக்குப் போங்கள்!

கடந்த ஏப்ரலில் ஒரு புதன்கிழமை இரவு. பெரியம்மா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு தட்டு, அதில் வெள்ளையாகக் குழைந்துபோன ஸ்பகெட்டி, மேலே ஒரு புதினா இலை. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இதுக்கு 22 யூரோடா. ரெண்டு வாய்க்கு மேல இறங்கல."

அக்காவுக்கு ஜெர்மனியில் வேலை. நாலு நாள் லீவு கிடைத்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு ரோமுக்குக் கிளம்பிவிட்டாள். முதல் நாள் ட்ரெவி நீரூற்றைப் பார்த்துவிட்டு, பசியில் பக்கத்துத் தெருவில் வாசலில் நின்று கூப்பிட்டவர் கடைக்குள் நுழைந்திருக்கிறார்கள். நம் காசுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. இத்தாலிக்கே போய், இத்தாலியச் சாப்பாடு நன்றாக இல்லை என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

"நீ பத்திரிகையிலதானே இருக்க? எங்க சாப்பிடணும்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. இன்னும் மூணு நாள் இருக்கு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட். தேட ஆரம்பித்தவன் விடியும்வரை நிறுத்தவில்லை. ஹோட்டல் பெயர்களைத் தேடப் போய், ஒரு ஊரின் பசியைப் பற்றித்தான் அதிகம் படித்தேன். ரோம் இன்று உலகத்துக்குப் பெருமையாகப் பரிமாறும் சாப்பாடுகளில் பல, அரண்மனைகளில் பிறந்தவை இல்லை. ஆடு மேய்த்தவர்கள், கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், மதிலுக்குள் அடைத்து வைக்கப்பட்டவர்கள் என, கையில் காசில்லாதவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்தவை. அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்குப் போனால் சாப்பாடு நன்றாக இருக்கும். அக்காவுக்கு அனுப்பிய பட்டியலும் அப்படித்தான் தயாரானது. ரோம் போகிறவர்களுக்கும், இங்கிருந்தபடியே ஆசைப்படுகிறவர்களுக்கும் இதோ அந்தப் பட்டியல்.

வியாழன் மதியம்: மதிலுக்குள் பூத்த பூ

டைபர் நதிக்கரையில் இருக்கிறது ரோமின் பழைய யூதர் குடியிருப்பு. 1555-ம் ஆண்டு போப் நான்காம் பால் உத்தரவால், ரோமில் இருந்த யூதர்கள் அத்தனை பேரும் இந்தச் சின்ன இடத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். சுற்றிலும் மதில். இரவானால் கதவுகளுக்குப் பூட்டு. பழைய துணி வியாபாரம் மாதிரி ஒருசில தொழில்களுக்கு மட்டுமே அனுமதி. அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 1870-ல், ரோம் இத்தாலியோடு சேர்ந்த பிறகுதான்.

அந்த நெருக்கடியில் பிறந்த சமையலின் அடையாளம், 'கார்ச்சோஃபி அல்லா ஜூதியா'. யூதர் முறையில் பொரித்த ஆர்ட்டிசோக் என்று அர்த்தம். ஆர்ட்டிசோக் என்பது பச்சையும் ஊதாவுமாக இருக்கும் ஒரு பூமொட்டு. நாம் வாழைப்பூவுக்கு மடல் உரிப்பதுபோல அதன் முரட்டு இதழ்களை நீக்கி, எண்ணெயில் ஒருமுறை வேகவைத்து எடுத்து, மறுபடி நல்ல சூட்டில் பொரிக்கிறார்கள். மொட்டு விரிந்து சாமந்திப்பூ மாதிரி தட்டில் உட்காரும். இதழ்கள் அப்பளம்போல நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெய்போலக் கரையும். மாவு, சீஸ், முட்டை எதுவும் கிடையாது. சைவர்கள் யோசிக்காமல் ஆர்டர் செய்யலாம்.

எங்கே சாப்பிடுவது? 'வியா தெல் போர்த்திகோ தொத்தாவியா' என்ற தெருவுக்குப் போங்கள். ஜிஜ்ஜெத்தோ, நொன்னா பெத்தா போன்ற உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. ரோமின் உள்ளூர் ஆர்ட்டிசோக்குக்கு சீசன், பிப்ரவரி முதல் ஏப்ரல் கடைசி வரை. அக்கா போனது சரியான நேரம். அதே தெருவில் பெயர்ப் பலகையே இல்லாத பொச்சோனே என்ற பழைய பேக்கரி இருக்கிறது. அங்கே ரிக்கோட்டா சீஸும் புளிப்புச் செர்ரியும் வைத்த கேக் பிரபலம். மேலே கொஞ்சம் கருகினாற்போல இருக்கும், பயப்பட வேண்டாம். அதன் பக்குவமே அப்படித்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். யூத சமய முறைப்படி நடக்கும் கடைகள் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை மூடியிருக்கும். அதனால்தான் அக்காவை வியாழனன்றே போகச் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே ஒரு சின்ன சதுக்கம் வரும். அதன் பெயரே ஒரு தேதி: '16 அக்டோபர் 1943'. அன்றைய விடியற்காலையில் நாஜிப் படை இந்தத் தெருக்களைச் சுற்றி வளைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். இத்தனைக்குப் பிறகும் அந்தத் தெருவில் அடுப்பு எரிகிறது, அதே ஆர்ட்டிசோக் பொரிகிறது.

வியாழன் இரவு: ஆட்டிடையர் பாஸ்தா

நம்மூர் கஃபேக்களில் 'ஒயிட் சாஸ் பாஸ்தா' என்று கிரீமில் முக்கித் தருவார்களே, அதை மறந்துவிடுங்கள். ரோமின் பாஸ்தாவில் கிரீமுக்கு இடமில்லை. முக்கியமானவை நாலே நாலு. அதையும் ஒரே கணக்கில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெக்கொரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு. இந்த இரண்டு மட்டும் இருந்தால் 'காச்சோ எ பெப்பே'. அதோடு பன்றிக் கன்னத்து இறைச்சியை உப்பில் பதப்படுத்திய குவாஞ்சாலே சேர்ந்தால் 'கிரிச்சா'. கிரிச்சாவில் முட்டை சேர்ந்தால் 'கார்போனாரா'. முட்டைக்குப் பதில் தக்காளி சேர்ந்தால் 'அமாத்ரிச்சானா'. அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பொருள்கள்? மலையில் மாதக்கணக்கில் ஆடு மேய்த்தவர்களால் பையில் கெடாமல் எடுத்துப்போக முடிந்தவை காய்ந்த பாஸ்தா, கெட்டியான சீஸ், மிளகு, உப்பிட்ட இறைச்சி. நம் வீடுகளில் கட்டுச்சோறும் கருவாடும் வந்த கதைதான். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டாமல், அந்தக் கஞ்சியிலேயே சீஸைக் குழைப்பதில்தான் இருக்கிறது முழு வித்தையும்.

கார்போனாரா இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சமையல் புத்தகங்களில் அதன் பெயர் தென்படுவதில்லை. ரோமுக்கு வந்த அமெரிக்க வீரர்களின் ரேஷனில் இருந்த பேக்கனும் முட்டைப் பொடியும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அமாத்ரிச்சானாவுக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. ரோமுக்கு வடகிழக்கே மலையில் இருக்கும் அமாத்ரிசே என்ற சிற்றூர்தான் அதற்குப் பெயர் தந்தது. 2016 ஆகஸ்ட் 24 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் அந்த ஊர் தரைமட்டமானது. சுற்றுவட்டாரத்தில் 299 பேர் இறந்தார்கள். தங்கள் பாஸ்தாவுக்காக அந்த ஊர் நடத்தும் ஆண்டுத் திருவிழாவுக்குச் சில நாள்களே இருந்தன. அந்த நாள்களில் இத்தாலி முழுக்கப் பல உணவகங்கள், விற்கும் ஒவ்வொரு தட்டு அமாத்ரிச்சானாவுக்கும் இரண்டு யூரோவை நிவாரணத்துக்கு அனுப்பின. ஒரு யூரோ கடைக்காரருடையது, இன்னொன்று சாப்பிட்டவருடையது.

எங்கே சாப்பிடுவது? கார்போனாராவுக்குப் பலரும் கைகாட்டுவது, காம்போ தே ஃபியோரி சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரொஷோலி. நதிக்கு அந்தப் பக்கம் த்ரஸ்தேவரே பகுதியில் 'தா என்ட்ஸோ அல் 29' என்ற சின்ன உணவகம் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கத் தயாராகப் போக வேண்டும். சுற்றுலா இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. பாந்தியன் கோயிலுக்கு அருகிலேயே 1961 முதல் ஒரே குடும்பம் நடத்தும் 'அர்மாந்தோ அல் பாந்தியன்' அது. முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம்.

வெள்ளி: எடைபோட்டு வாங்கும் பீட்சா

வெள்ளிக்கிழமை அக்காவின் திட்டம் வாடிகன். மியூசியத்தில் மணிக்கணக்கில் நடந்துவிட்டு வெளியே வந்தால் கால் கெஞ்சும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சிப்ரோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பிட்ஸாரியம். கேப்ரியேல் போஞ்சி என்ற சமையல்காரர் 2003-ல் தொடங்கிய கடை. உட்கார இடம் கிடைப்பதே அரிது. நீளமான தட்டுகளில் விதவிதமான பீட்சா இருக்கும். வேண்டியதைக் கைகாட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, எடைக்கு ஏற்ப விலை சொல்வார்கள். 'உன் எத்தோ' என்றால் 100 கிராம். நம்மூர் ஸ்வீட் ஸ்டாலில் 'நூறு கிராம் அல்வா' கேட்கிற மாதிரிதான்.

சைவர்களுக்கு இங்கே கொண்டாட்டம். உருளைக்கிழங்கு பீட்சா, தக்காளி மட்டும் தடவிய பீட்சா, அந்தந்தப் பருவத்துக் காய்கறி பீட்சா எல்லாம் கிடைக்கும். ரோம் முழுக்கவே இப்படி எடைபோட்டு விற்கும் கடைகள் உண்டு. அவசரப் பசிக்கும் சிக்கனத்துக்கும் இவைதான் சரி. கூடவே 'சுப்ளி' என்று ஒரு சோற்று உருண்டை விற்பார்கள். நடுவில் மொசரெல்லா சீஸ் வைத்துப் பொரித்தது. இரண்டாகப் பிய்த்தால் சீஸ் டெலிபோன் வயர்போல இழுபடும் என்பதால், அதற்கு 'டெலிபோன் சுப்ளி' என்றே செல்லப் பெயர். சோற்றில் பெரும்பாலும் இறைச்சி சாஸ் கலந்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெக்கொரினோ ரோமானோ, பார்மிஜானோ போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்க்கிறார்கள். அது வேண்டாம் என்பவர்கள், 'சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ', அதாவது சீஸ் இல்லாமல் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவுக்கு? ரோமில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி தவிர்ப்பது வழக்கம். நம் வீடுகளில் கறி எடுக்காத வெள்ளிக்கிழமை மாதிரி. காம்போ தே ஃபியோரி அருகே, 'தர் ஃபிலெத்தாரோ' என்ற சின்னக் கடையில் உப்பிட்ட காட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். சூடாக வாங்கிக் கையிலேயே வைத்துச் சாப்பிடலாம்.

22 யூரோ ஏமாற்றத்தைத் தவிர்க்க...

* வாசலில் நின்று கூப்பிடும் கடை, பத்து மொழியில் போட்டோ போட்ட மெனு, காலையிலிருந்து இரவு வரை மூடாத சமையலறை... மூன்றில் ஒன்று இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

* நல்ல உணவகங்கள் மதியம் 12.30-க்குத் திறந்து 3 மணிக்குள் மூடிவிடும். இரவு 7.30-க்கு மேல்தான் மறுபடி அடுப்பு பற்றவைப்பார்கள். மாலை 5 மணிக்குப் பசித்தால் எடை பீட்சாதான் துணை.

* மேஜையில் வைக்கும் ரொட்டிக்கு பில்லில் தனியாகக் காசு வரலாம். வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. ரோம்காரர்கள் நின்றுதான் குடிக்கிறார்கள்.

* தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள் 1874 முதல் ரோம் தெருக்களில் இருக்கின்றன. இன்றும் 2,000-க்கு மேல் உண்டு. குளிர்ந்த குடிநீர், இலவசம்.

சனி: ஐந்தாவது கால் பங்கு

நான் மிகவும் ஆசைப்பட்டு அக்காவை அனுப்பிய இடம் டெஸ்டாச்சோ. பிரமிதே மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். 1891-ல் கட்டி முடிக்கப்பட்ட ரோமின் பெரிய கசாப்புக்கூடம் இங்கேதான் இருந்தது. 1975-ல் மூடப்படும் வரை, ஊருக்கே இறைச்சி இங்கிருந்துதான் போனது.

வெட்டிய மாட்டை நாலு பங்காகப் பிரிப்பார்கள். நல்ல கறியெல்லாம் பிரபுக்களுக்கும் மதகுருக்களுக்கும் வசதியானவர்களுக்கும் போய்விடும். மிஞ்சுவது வால், குடல், ஈரல், நாக்கு, தலை. எடை போட்டால் அதுவும் கிட்டத்தட்ட ஒரு கால் பங்கு வரும் என்பதால் அதற்கு 'குயிந்தோ குவார்த்தோ' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாவது கால் பங்கு! கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தது இதுதான். அதைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு எடுத்துப்போய்ச் சமைக்கக் கொடுத்தார்கள்.

அப்படிப் பெயர் வாங்கியதுதான் 'கோடா அல்லா வாச்சினாரா' என்ற மாட்டுவால் குழம்பு. தக்காளி, செலரித் தண்டோடு மணிக்கணக்கில் வேகும். பால்குடிக் கன்றின் குடலை உள்ளிருக்கும் பாலோடு சமைக்கும் 'பஜாத்தா'வும் இவர்களுடையதுதான். மாடுகளுக்கு வந்த பைத்திய நோய் பயத்தால் 2001-ல் இதற்கு ஐரோப்பா தடை போட்டது. தடை நீங்கியது 2015-ல்.

இந்தச் சாப்பாட்டுக்கு இன்றும் பெயர்போன உணவகம், பழைய கசாப்புக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கும் 'கெக்கினோ தல் 1887'. கொஞ்சம் விலை கூடுதல். 1936-ல் தொடங்கிய ஃபெலிச்சேவில் காச்சோ எ பெப்பேயை உங்கள் மேஜைக்கே கொண்டுவந்து, கண்ணெதிரே கிளறித் தருவார்கள். 'ஃபிளாவியோ அல் வெலாவெவோதெத்தோ' உணவகத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உடைந்த பானை ஓடுகள் தெரியும். அந்தக் கடை ஒட்டி நிற்கும் குன்றே, பழைய ரோமானியர்கள் ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்துப் போட்டுப் போட்டு உருவானதுதான்.

கையில் காசு குறைவா? டெஸ்டாச்சோ மார்க்கெட்டுக்குப் போங்கள். 'மோர்தி எ வாய்' கடையில், வெந்த இறைச்சியை அதன் சாறோடு பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். மெல்லிய, மொறுமொறு ரோம் பீட்சாவுக்கு, மாலையில் 'தா ரெமோ'. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'கொராத்தெல்லா' கேளுங்கள். ஆட்டுக்குட்டியின் ஈரல், இதயம் எல்லாம் போட்டு, சீசனில் ஆர்ட்டிசோக்கும் சேர்த்து வதக்கியது.

ரோமில் கிழமைக்கு ஒரு சாப்பாடு என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. வியாழன் என்றால் ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளி மீன், சனி 'ட்ரிப்பா'. ட்ரிப்பா என்றால் குடல். தக்காளிக் குழம்பில் வேகவைத்து, பெக்கொரினோ தூவி, புதினா வகையைச் சேர்ந்த ஒரு காட்டு இலையைப் போடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மதுரை ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கக் காசு பற்றாத வாரங்களில் பெரியம்மா குடல் வாங்குவார். கடைக்காரரிடம் கறுப்புக் கவரில்தான் போட்டுத் தரச் சொல்வார். மஞ்சள் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலைந்து தடவை கழுவி, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டு வைக்கிற அந்தக் குழம்புக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். ஆனால், "ஸ்கூல்ல போய் குடல் சாப்பிட்டேன்னு சொல்லாதீங்க" என்பார். இல்லாதவர்கள் வீட்டுச் சாப்பாடு என்று யாராவது நினைத்துவிடுவார்களாம்.

சனிக்கிழமை மதியம் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. டெஸ்டாச்சோவில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி விரிப்பு, நடுவில் சிவந்த குழம்போடு ஒரு தட்டு. "அம்மா, இது ட்ரிப்பா. குடல். மாட்டுக்குடல்தான், திட்டாத. பக்கத்து மேஜைல கோட் சூட் போட்ட ஒரு தாத்தா இதையே ரொட்டி தொட்டு வழிச்சுச் சாப்பிடுறாரு. உன் குழம்பு மாதிரியேதான் இருக்கு. தேங்காய் மட்டும் இல்ல."

பெரியம்மாவிடமிருந்து பத்து நிமிஷம் பதிலே இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏண்டி, அங்க குடலுக்கு மேஜைத்துணி எல்லாம் விரிச்சா போடுறாங்க? அந்தப் பச்சை இலை என்னது, புதினாவா? இறக்குறப்போ போட்டாங்களா, கொதிக்கிறப்போவான்னு கேட்டுச் சொல்லு."

அடுத்த ஞாயிறு பெரியம்மாவே குரூப்பில் போட்டோ போட்டார். தேங்காய் அரைத்த குடல் குழம்பு, மேலே ஒரு கை புதினா. இந்த முறை கறுப்புக் கவர் கேட்கவில்லையாம். வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோய் வாங்கி வந்தாராம்.